விருந்தினர் நாற்பத்தொரு பேர்

என் வீட்டில் நாற்பத்தொரு விருந்தினர் தங்கியிருக்கிறார்கள் என்று நெடுங்குறிச்சிப் பேரூராட்சியின் கணினி நம்புகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் பெட்டி அதை எனக்கு அறிவிக்கவும் செய்கிறது. நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் சாப்பிடுகிறேன். இந்த லட்சணத்தில் நாற்பத்தொரு பேராம்.

யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தக் கணினிக்கு விதி எழுதிக் கொடுத்தவளே நான்தான். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று ஐம்பத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சண்முகவடிவு. பேரூராட்சி அலுவலகத்தில் நிகழ்ச்சி மற்றும் சொத்துப் பிரிவு எழுத்தர். சொத்து என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சமுதாய நலக்கூடம், அறுநூறு பிளாஸ்டிக் நாற்காலி, பந்தல் சாமான், சமையல் பாத்திரம், பிணம் வைக்கும் குளிர்பெட்டி மூன்று, அமரர் ஊர்தி ஒன்று, ஆற்றோரம் மின்மயானம், ஒரு பூங்கா. பூங்காவில் ஊஞ்சல் உண்டு, ஆடத்தான் பிள்ளைகள் இல்லை. எந்தத் தேதியில் எது யார் வீட்டுக்கு என்று முறை போடுவது என் வேலை. பொருளுக்கு முறை போட்டுக்கொண்டிருந்த நான் ஆட்களுக்கும் முறை போட ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

ஊரில் ஆள் வற்றிப்போனது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பதினெட்டாயிரம் பேர் இருந்தார்கள். இன்றைக்கு ஐயாயிரத்துச் சொச்சம், அதிலும் பாதிப் பேருக்கு முட்டுவலி. மூன்று வருஷத்துக்கு முன் ஞானதீபம் டீச்சர் இறந்தார். நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய சவப்பெட்டியைத் தூக்க நான்கு பேர் சேரவில்லை. கடைசியில் துப்புரவுப் பணியாளர் இரண்டு பேர், ஊர்தி ஓட்டுநர், தண்ணீர் திறந்துவிடும் நயினார் என்று நான்கு பேரும் பேரூராட்சி ஆட்களாகவே போய்த் தூக்கினார்கள். அந்த நயினார் என் வீட்டுக்காரர். படித்துப்போன பிள்ளைகள் எல்லாம் கைபேசியில் பார்த்து அழுதார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவைத் துட்டி என்போம். நல்லதுக்குச் சொன்னால்தான் போக வேண்டும், துட்டிக்குக் காதில் விழுந்தாலே போக வேண்டும் என்று ஒரு பேச்சும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் நான்கு பேர் இல்லை என்றதும் எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. மன்றக் கூட்டத்தில் ஒரு திட்டம் போட்டோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அது முகம் பார்த்து ஆளை அறியும், காது கேட்கும், பேசும். ஒரு வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கணினி முறைவைத்து நாற்பது பேரை அனுப்பும். மூன்று முறை தட்டிக்கழித்தவர் வீட்டுக்குக் கூடமும் கிடையாது, நாற்காலியும் கிடையாது, குளிர்பெட்டியும் கிடையாது. குளிர்பெட்டி இல்லாமல் சாக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எல்லோரும் போனார்கள். இதற்கு மேல் இன்னொன்றும் செய்தோம். மூன்று பேருக்குக் குறைவாக ஆள் இருக்கும் வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு பேர் போய் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வர வேண்டும். அதற்குத் துணைமுறை என்று பெயர் வைத்தேன். பெயர் நன்றாக இருக்கிறது என்று தலைவி லிங்கேஸ்வரி பாராட்டினார்.

நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? பெட்டிக்கு முகத்தைக் காட்டிவிட்டு வந்த வேகத்தில் திரும்பினார்கள். அதனால் விதியில் ஒரு வரி சேர்த்தேன். வந்தவர் இருபது நிமிஷமாவது இருக்க வேண்டும், கிளம்பும்போது வீட்டாரிடம் ‘போயிட்டு வாரேன்’ என்று பெட்டியின் காதில் விழச் சொல்ல வேண்டும், அது வரை அவர் வீட்டுக்குள் இருப்பதாகவே பொருள். கூட்டத்தில் இதை வாசித்தபோது ஏழாம் வார்டு உறுப்பினர் லேசாக இருமினார்.

“அப்ப துட்டி வீட்டுல என்ன செய்ய?” என்றார்.

தலைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. “நல்ல காரியம் பேசும்போது அத எதுக்கு இழுக்கீய அண்ணாச்சி? விசேஷ வீடுன்னு மட்டும் போடு வடிவு” என்றார். நானும் அப்படியே போட்டேன். எனக்கும் அந்தச் சொல்லைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கை வரவில்லை.

துட்டி வீட்டில் யாரும் விடைபெற மாட்டார்கள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்கள். போய்விட்டு வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. பெட்டிக்குத் தெரியாது. அதற்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

சித்திரை மாதம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் மேற்குத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டினார், அங்கேயே உட்கார்ந்தார், அவ்வளவுதான். வீடு நிறைய ஆள் வந்தது. மகள் நாச்சியார் புனேயிலிருந்து வந்து பதினாறு முடிய இருந்துவிட்டுப் போனாள். பதினேழாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். அன்றைக்கே செயல் அலுவலர் ரெக்ஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வயது முப்பத்திரண்டு, விழுப்புரம் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவர்.

“மேடம், உங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகுது தெரியுமா?”

“கொழா நிக்கவே மாட்டேங்கு சார். வால்வு பழுதுன்னு நெனச்சேன்.”

“பழுது இல்ல. உங்க வீட்ல நாப்பத்தோரு விருந்தாளி இருக்கறதா கணக்கு. அவ்வளவு பேருக்கும் தண்ணி விடுது.”

“அவுகல்லாம் எப்பவோ போயாச்சே சார். பந்தலும் பிரிச்சாச்சு.”

“போயிட்டாங்க. போறேன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையே. சொன்னாத்தான அதுக்குப் போன மாதிரி.” அவர் தலையைச் சொறிந்தார். “எங்க ஊர்லயும் சாவு வீட்ல சொல்லிக்க மாட்டாங்க மேடம். இந்த விதிய எழுதினவங்க தங்க வீட்ல சாவே விழாதுன்னு நெனச்சுட்டாங்க போல.”

“நான்தான் சார் எழுதுனேன்.”

பாவம், எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளி வைத்தார். “ஒரு பொத்தான்தான் மேடம். அழுத்தினா எல்லாரும் வெளிய போயிடுவாங்க. அடுத்த வாரமே துணைமுறைக்கு ரெண்டு பேர் வருவாங்க. வீடு நெறஞ்சிருக்குன்னுதான் இப்ப யாரையும் அனுப்பாம இருக்கு” என்றார்.

நான் பட்டியலைப் பார்த்தேன். நாற்பது பெயருக்குப் பக்கத்தில் முறை எண் இருந்தது, அதாவது கணினி அனுப்பிய ஆட்கள். எண் இல்லாத ஒருவர் யார் என்று பார்த்தால் பந்தல் போட வந்தவர். ஏணியோடு உள்ளே வந்த அவர் முகத்தையும் பெட்டி எழுதி வைத்திருந்தது. எல்லார் வீட்டுச் சாவுக்கும் பெட்டி கூப்பிடாமலே போய் ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும் மனுஷன் என் வீட்டுக்காரர். ‘முறை வராமலே எதுக்குப் போறீய, வேற வேல இல்லையா’ என்று நானே அவரைக் கடிந்திருக்கிறேன். அவருக்காகத் தன் காலால் நடந்து வந்தவர் ஒருத்தர்கூட இல்லை.

“அப்படியே இருக்கட்டும் சார். நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

எனக்கு அப்போது வந்தது கோபம்தான். வீடு நிறைந்திருக்கிறது என்று கணினி நினைக்கும் வரை அது யாரையும் அனுப்பாது. அந்த நேரத்தில் என் வாசலை மிதிக்கிறவர் அனுப்பப்படாத ஆள். தானாக வந்த ஆள். ஐயாயிரம் பேர் உள்ள ஊரில் அப்படி ஒரே ஒருத்தர் வரட்டும், அன்றைக்குப் பொத்தானை அழுத்துகிறேன் என்று முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் யாராவது வந்துவிடுவார்கள் என்றுதான் எண்ணினேன்.

வைகாசி போனது. ஆனி போனது. யாரும் வரவில்லை.

வரக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பகவதி இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் குழம்பு கொடுத்து வாங்கியவள். தெருவில் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“மயினி, பெட்டி ஆள் அனுப்புதுல்லா?”

“ம்.”

“எனக்கு இன்னும் முறை வரல பாத்துக்கிடுங்க. வந்துச்சுன்னா மொத ஆளா வந்து நிப்பேன்” என்பாள். சொல்லும்போது கண் கலங்கும், நடிப்பில்லை. எட்டு அடி அகலத் தெருவைக் கடக்க அவள் முறைக்காகக் காத்திருந்தாள். மூன்று வருஷத்தில் ஊரை அப்படிப் பழக்கிவிட்டேன்.

மகள் விஷயம் இதைவிட மோசம். பெற்றவர் வீட்டுப் பெட்டியைப் பிள்ளைகள் வெளியூரிலிருந்து கைபேசியில் பார்க்கலாம். அந்த வசதியும் நான் பரிந்துரை செய்ததுதான்.

“எம்மா, நம்ம வீட்ல நாப்பத்தொண்ணு கொறையவே மாட்டேங்கே” என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“ஆளுக வாறதும் போறதுமா இருக்குட்டி.”

“எனக்கு அதாம்மா நிம்மதி. நீ தனியா கெடப்பியோன்னு இங்க திரும்பி வந்த புதுசுல ஒறக்கமே வரல. இப்ப தெனமும் அதப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். இத்தன பேருக்கும் யாரும்மா சமைக்கா?”

“எல்லாரும் சேந்துதான்” என்றேன். முன்பெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூப்பிடுவாள். இப்போது வாரம் ஒரு முறை ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ள முடியுமா? வீடு நிறைய ஆள் இருக்கும்போது அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அன்றைக்குப் பழைய சோற்றுக்கு ஒரு ஊறுகாய் எடுத்து வைக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அலுவலகத்திலிருந்து வந்ததும் வானொலி போட மாட்டேன். வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாது. சத்தம் கேட்டால் நாய் உரசியிருக்கும், காற்று தள்ளியிருக்கும். ராத்திரி கதவைச் சாத்தும்போது வாயில் வந்தபடி ஊரைத் திட்டுவேன். நன்றிகெட்ட ஊர், இந்த ஊருக்குப் போய் அந்த மனுஷன் தண்ணீர் திறந்துவிட்டாரே என்று. பெட்டி கேட்டுக்கொண்டிருக்கும். பதில் சொல்லாது.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம், ஒரு மாலை, நிஜமாகவே கதவு திறந்தது. ஆண் குரல் ஒன்று “மயினி” என்றது.  “இந்தா வாரேன், உக்காருங்க” என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன். இரண்டு டம்ளர் காபியோடு வெளியே வந்தால், சுகாதார மேற்பார்வையாளர் மந்திரம் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டர். அதில் நீலநிறத் தற்காலிகக் கழிப்பறை ஆறு நின்றன.

“நாப்பத்தோரு பேரு மூணு மாசமா ஒரே கக்கூசுக்குப் போறாவன்னு கணினி குறிப்பு அனுப்பிருக்கு மயினி. ரெண்டு எறக்கச் சொல்லி உத்தரவு” என்றார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “ஆளுகள எங்க?”

“உள்ள தூங்குதாவ.”

“இந்நேரத்துலயா?”

“துட்டிக்கு வந்தவுகல்லா. அலுப்பு.”

மந்திரம் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார், ஒருமுறை இரண்டு டம்ளரையும் பார்த்தார். விளங்கியதோ என்னவோ, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். காபியை நீட்டினேன்.

“நேரமில்ல மயினி. இன்னும் ரெண்டு வீட்டுக்கு எறக்கணும். மாவு மில் உலகம்மா வீடு, தபால்காரர் கொம்பையா வீடு.”

“அங்கயும் ஆளு கூடுதலா?”

“அங்கயும் நாப்பது நாப்பதுன்னுதான் காட்டுது. எல்லாம் துட்டி நடந்த வீடுகதான்” என்றார். இரண்டு கழிப்பறையை என் முருங்கை மரத்தடியில் இறக்கிவிட்டுப் போனார். இரண்டு டம்ளர் காபியையும் நானே குடித்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துட்டி என் வீட்டில் மட்டுமா நடந்தது?

மறுநாள் அலுவலகம் போனதும், அந்த விதி வந்த நாளிலிருந்து சாவு விழுந்த வீடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். துணைமுறை கிடைத்திருக்க வேண்டிய, ஒருவரோ இருவரோ மட்டும் மிஞ்சிய வீடுகள் என்னுடையதையும் சேர்த்துப் பதினேழு. பதினேழிலும் வீடு கொள்ளாத கூட்டம். ஒன்றுக்கும் இது வரை ஒரு ஆளும் அனுப்பப்படவில்லை. பட்டியலில் முதல் வீடு உலகம்மாளுடையது. அவளும் அவள் அக்கா கோமுவும் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்திருந்து மாவு மில் நடத்தினார்கள். கோமு இறந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அந்த வீட்டு விருந்தினர் பெயர்களைத் திறந்தேன்.

ஒன்பதாவது பெயர் சண்முகவடிவு, பேரூராட்சி எழுத்தர். வந்த நாள், வந்த நேரம் எல்லாம் சரியாக இருந்தன. தங்கியிருக்கும் காலம் இரண்டு வருஷம், ஒரு மாதம், நான்கு நாள் என்று இருந்தது.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. முறை வந்தது, போனேன். சுவர்க் கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்து இருபது நிமிஷம் எண்ணினேன். மனம் முழுக்க மறுநாள் கல்யாணத்துக்கு நாற்காலி பற்றாதே என்பதில் இருந்தது. உலகம்மாள் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்று வரை தெரியாது.

அடுத்த வீட்டைத் திறந்தேன். அங்கேயும் இருந்தேன். அதற்கடுத்ததிலும் இருந்தேன். மொத்தம் பதினோரு வீட்டில் நான் இரவும் பகலும் துணைக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஆள் ஒரே நேரத்தில் பதினோரு வீட்டில் இருக்க முடியாது என்று அந்தக் கணினிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று மாதமாக நான் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதே மாதிரி என்னைத் திட்டப் பதினோரு வீட்டில் ஆள் இருந்திருக்கிறது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். முகத்தைக் கழுவிக்கொண்டு, அரைநாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

உலகம்மாள் வீடு மில்லுக்குப் பின்னால். வாசலில் மந்திரம் இறக்கிய நீலக் கழிப்பறைகள் நின்றன. படியேறும்போது பெட்டி யாரும் வந்ததாகக் குரல் கொடுக்கவில்லை.

“மில்ல நிப்பாட்டியாச்சு. நாளைக்கு வாங்க” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“அரைக்க வரல. நான் வடிவு.”

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், முடி என்னைவிட நரைத்திருந்தது. “வாங்க மயினி. பெட்டி சத்தங் குடுக்கலையே” என்றவள், பிறகு தானே தலையாட்டினாள். “எப்படிக் குடுக்கும். நீங்கதான் ஏற்கெனவே உள்ள இருக்கீயளே. ஒம்பதாவது ஆளு.”

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

“கக்கூசு விசயமா வந்தீயளா? வேண்டாம்னு சொல்லச் சொல்ல எறக்கிட்டுப் போயிட்டாரு.”

“அதுக்கில்ல.”

“தண்ணிய நிறுத்தப் போறீயளா?”

“இல்ல உலகம்மா.”

“அப்ப யாரு அனுப்புனா?”

“யாரும் அனுப்பல. சும்மா வந்தேன்.”

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். கோமுவின் படத்துக்குக் கீழே ஊற வைத்த உளுந்து இரண்டு பாத்திரத்தில் இருந்தது. அவள் உளுந்தைக் களைய உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நான் எழுதிய வரி, அதனால் அவள் வீடு நிறைந்திருப்பதாகக் காட்டுவது, இரண்டு வருஷமாகத் துணைமுறைக்கு யாரும் வராதது எல்லாம் சொன்னேன்.

“எந் தப்புதான். நாளைக்கு ஆபீசுக்குப் போனதும் மொத வேலையா அழிச்சிருதேன். அடுத்த வாரத்துலருந்து ஒனக்கு ஆள் வரும்” என்றேன்.

“அழிக்க வேண்டாம்.”

“ஏன்?”

“எனக்கு மொத வாரமே தெரியும் மயினி, இது இப்படி நிக்கின்னு. ஆபீசுல வந்து சொல்லிருக்கலாம். சொல்லல.” உளுந்தைக் கையால் அளைந்தபடியே பேசினாள். “தண்ணிக்காகன்னு நெனச்சிராதீய. சாயங்காலம் அரைக்கும்போது பெட்டிகிட்ட கேப்பேன், யாரெல்லாம் இருக்காவன்னு. ஒவ்வொருத்தர் பேரா வாசிக்கும். கல்லு சுத்துத சத்தத்துல பாதி பேரு கேக்காது. இருந்தாலும் வாசிக்கும். கோமு இருந்தப்ப நாங்க ரெண்டு பேருந்தான். எங்க வீட்ல நாப்பது பேரு எந்தக் காலத்துல இருந்தா?”

“அது அம்புட்டும் பொய்யில்லா.”

“பொய்தான். எனக்குக் கூறு இல்லையா? இப்ப நீங்க அழிச்சிட்டீயன்னா, காலைல ஆறு மணிக்கு அது ‘விருந்தினர் எவரும் இல்லை’ன்னு சொல்லும். நான் அதக் கேட்டுட்டு எந்திரிச்சு உக்காரணுமா?”

நான் அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் போனபோதுகூட அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழவில்லை. அங்கே, அந்த உளுந்து வாசத்தில், அடக்க முடியாமல் அழுதேன். அவள் தேற்ற வரவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஒங்க வீட்ல எத்தன காட்டுது?” என்று கேட்டாள்.

“நாப்பத்தொண்ணு.”

“அதுல நான் இருக்கேன்லா.”

“இருபத்தாறாவது.”

“நயினார் அண்ணாச்சி மொகத்தப் பாத்துட்டு வந்ததோட சரி. பொறவு நானும் எட்டிப் பாக்கல. பெட்டி கூப்பிடட்டும்னு இருந்துட்டேன்” என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலாக இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். “எல்லாரையும் அழிச்சிராதீய மயினி. வேணும்னா ஒங்க பேர மட்டும் எடுத்துக்கிடுங்க. நீங்கதான் வந்துட்டீயல்லா, இனி எதுக்கு அதுல” என்றாள்.

கோமுவுக்கு இரண்டாவது திதியும் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் இனி விடைபெறலாம். “போயிட்டு வாரேன் உலகம்மா” என்றேன். பெட்டி கேட்டுவிட்டு, சண்முகவடிவு விடைபெற்றார், விருந்தினர் முப்பத்தொன்பது பேர் என்றது.

அந்த ஆடி மாதம் முழுக்க மற்றப் பதினைந்து வீட்டுக்கும் நடந்தேன். பத்து வீட்டார் அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். அடுத்த வாரமே அவர்களுக்குத் துணைமுறை ஆட்கள் வந்தார்கள். கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தாலும் வந்தார்கள். ஐந்து வீட்டார், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். அவர்களில் தபால்காரர் கொம்பையா என்னை உள்ளே விடவே இல்லை. ‘வீடு நெறைய ஆளு இருக்கு, இன்னொரு நாளைக்குப் பாப்போம்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு மட்டும் இரண்டாம் முறையும் போனேன். மன்றக் கூட்டத்தில் ரெக்ஸ் விதியைத் திருத்தச் சொன்னார். இனித் துட்டி வீட்டில் சொல்லாமல் எழுந்து போனாலும் போனதாகவே பொருள் என்று பச்சையாகவே எழுதினேன். தலைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

என் வீட்டை மட்டும் நான் தொடவில்லை. பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தெரிந்த பிறகும், யாராவது தன் காலால் வர வேண்டும் என்ற ஆசை போகவில்லை. பதினாறு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், ஒரு வீட்டிலிருந்தாவது வர மாட்டார்களா என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு தப்பு என்றும் தெரிந்தது. போனதற்குப் பதில் எதிர்பார்த்தால் அதுவும் முறை போடுவதுதானே. முதல் வாரம் யாரும் வரவில்லை, இரண்டாம் வாரமும் வரவில்லை.

ஆவணி மூன்றாவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தேன். “மயினி” என்று யாரோ கூப்பிட்டார்கள். பெட்டி ஒன்றும் சொல்லாததால் தெருவில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் குரல் கேட்டது, இந்த முறை நடைக்குள்ளிருந்து. போய்ப் பார்த்தால் உலகம்மாள், கையில் ஒரு தூக்குவாளி இட்லி மாவோடு நிற்கிறாள்.

தெரிந்துகொண்டேதான் கேட்டேன். “யாரு அனுப்புனா?”

“யாரு அனுப்புவா. மில்லப் பூட்டிட்டு வந்தேன்.”

ஒரு மணி நேரம் இருந்தாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மில் கல் தேய்ந்துவிட்டது, புதுக் கல் தென்காசியிலிருந்து வர வேண்டும் என்றாள். முருங்கை மரத்தடிக் கழிப்பறைகளை எப்போது தூக்குவார்கள் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் படத்தை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நேரமானதும் எழுந்தாள். என் வீட்டுத் துட்டிக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். தெருமுனையில் மறையும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொத்தானை நான் அழுத்தவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெட்டி, விருந்தினர் நாற்பத்தொரு பேர் என்றது. அதில் இப்போது நாற்பதுதான் பொய்.